நான்கு மீட்டர் ஆழத்தில்

கடல் இல்லாத ஊரில்
கடலுக்குள் இறங்கப் பழகுகிறேன்.
பெங்களூர், ஹெண்ணூர்,
டைல்ஸ் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் நடுவே
நான்கு மீட்டர் ஆழக் குளம்.
நவம்பர் ஞாயிறு, காலை ஆறரை.
குளோரின் வாசனையின் ஓரத்தில்
மண்டபத்துச் சாம்பார்.

"கேள்வி இருந்தால் இப்போதே," என்றார் பெல்லியப்பா.
"கீழே போனால் உங்களுக்கு வாய் கிடையாது."
நான் கேட்டேன்:
தும்மல் வந்தால்?

நிலோஃபர் சிரித்தாள்.
அவளுக்கென்ன.
இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம்,
என் மூக்கு எனக்குப் பாதி
பார்த்தீனியத்துக்குப் பாதி.
மெட்ரோ தூண் எழும் தெருவில் குடியிருக்கிறேன்.
பதினொன்று வரை எண்ணியிருக்கிறார்கள் அலுவலகத்தில்.

பதினொன்றுகூடப் பரவாயில்லை.
ஒற்றைத் தும்மல்தான் ஆகாது எங்கள் வீட்டில்.
பெரியப்பா பத்திரம் பதியக் கிளம்பிய காலை
வாசலில் ஒன்றே ஒன்று தும்மினேன், வயது எட்டு.
செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து,
ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு
மறுபடி கிளம்பினார்.
நிலம் வழக்கில் போனது.
அதற்குப் பிறகு
இரண்டு விரலால் மூக்கை நெரித்து
வந்ததை வந்த வழியே அனுப்பக் கற்றுக்கொண்டேன்.
காதுக்குள் டப் என்று கேட்கும்.
கண்ணில் நீர் நிற்கும்.
வெளியே தெரியாது.

"தும்மு," என்றார் பெல்லியப்பா.
"ரெகுலேட்டரைக் கையால் அழுத்திக்கொண்டு
அதற்குள்ளேயே தும்மு. இருமலும் அப்படித்தான்.
வாந்தியும் அப்படித்தான்.
மூச்சை மட்டும் பிடித்து வைக்காதே."
வாந்தியுமா என்றாள் நிலோஃபர், சிரிக்காமல்.
"கடலில். மீன்களுக்கு ஆட்சேபணை இல்லை.
இந்தக் குளம் வாடகைக்கு எடுத்தது."

இறங்கினோம்.
காது அடைத்தது.
மூக்கைப் பிடித்து ஊதினேன், திறந்தது.
அதே இரண்டு விரல், அதே இடம், வேறு வேலை.
கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.
காலையில் தின்ற காராபாத்
ஏப்பமாகி, குமிழியாகி
மேலே போனது; அதன் கடுகு மட்டும்
என்னோடு கீழே தங்கியது.
இரவல் வெட்சூட்டுக்குள் தொடையோரம்
சட்டென ஒரு வெதுவெதுப்பு.
அதை நான் எழுதப்போவதில்லை.

தரையில் முழங்காலிட்டு
முகமூடிக்குள் பாதி நீர் விட்டு வெளியேற்ற வேண்டும்.
நீர் மூக்கைத் தொட்டதும் ஆரம்பித்துவிட்டது
எங்கோ தூரத்தில் அந்தக் கூச்சம்.
விரல்கள் பழக்கத்தில் மூக்குக்குப் போயின.
பெல்லியப்பா ஒற்றை விரலை
இடவலமாக ஆட்டினார்.
தும்மலுக்கென்று நீரடியில் சைகை கிடையாது.
உள்ளங்கையை விரித்துத் தள்ளாடவிட்டேன்: ஏதோ சரியில்லை.
பிறகு அதே கையால் வாயைப் பொத்தி

விட்டேன்.

முகமூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.
நீர், சளி, ஆவி, எதுவும் தெரியவில்லை.
தாலி கட்டும்போது யாராவது தும்மினால்
கேட்கக் கூடாதென்றுதான் கெட்டிமேளம் என்பாள் அம்மா.
குமிழிகள் அப்படிக் கொட்டின
இரண்டு காதிலும்.
இரண்டாவது. மூன்றாவது.
இடையிடையே மூச்சு வந்தது.
நான் கேட்காமலே வந்துகொண்டிருந்தது.
ஐந்தோடு நின்றது.

மேல் விளிம்பை அழுத்தி மூக்கால் ஊதினேன்.
கண்ணாடியில் நீர்மட்டம் இறங்க இறங்க
தலை முதல் கால் வரை
தவணை முறையில் தெரிந்தாள் நிலோஃபர்.
மூன்றடி பின்வாங்கியிருந்தாள்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து வளையமாக்கி
சரியா என்று கேட்டாள்.
எங்களுக்கு நடுவே
நூல்போல ஒன்று மிதந்து போனது.
இருவரும் அது போகும்வரை பார்த்தோம்.
சரி என்றேன் வளையத்தால்.

செவ்வாய்க்கிழமை, மெட்ரோ,
இந்திரா நகரில் ஏறிய கூட்டம்.
யாரோ பையில் ஊதுபத்திக் கட்டு.
வந்தது. ஒற்றைத் தும்மல்.
என் வலது கை தானாக எழுந்து
வாய்க்கு முன்னால் இல்லாத எதையோ
உறுதியாக அழுத்திக்கொண்டது.
லேப்டாப் பையை அணைத்திருந்த பையன் விலகி நின்றான்.
அவனுக்கு வளையம் காட்டினேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அவனும் காட்டினான்.