இடது பின்மூலை

பணகுடிக் காற்றுக்குத் தாழ்ப்பாள் தெரியாது.
ஆடியில் கணவாய் வழி இறங்கி
கட்டில், குடம், காலண்டர் மாதா
எல்லாரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான்
காற்றாலைக்கு வேலைக்குப் போகும்.
ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன்,
கதவிடுக்கில் பழைய கைலி.
இருநூறு டிகிரி தாண்டவேண்டிய பெட்டிக்கு
ஒரு பெருமூச்சும் ஆகாது.

பெட்டி வியாகப்பன் வாங்கியது,
நாகர்கோவிலில், தவணையில், கேக் சுட.
மூன்று கிறிஸ்துமஸ் சுட்டார்.
மூன்றிலும் இடது பின்மூலை கரிந்தது.
"மாவு சரியில்லட்டி" முதல் வருஷம்.
"முட்டை பழசு" மறு வருஷம்.
மூன்றாம் வருஷம் ஒன்றும் சொல்லாமல்
கரிந்ததைச் சுரண்டி நாய்க்குப் போட்டு
மிச்சத்தைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து
பெட்டி மேல் துண்டைப் போட்டு மூடினார்.

துண்டை நான் எடுத்தேன்.
எட்டுத் திருகாணி.
டைமரைப் பிடுங்கும்போது
கடைசியாக ஒரு டிங் சொன்னது.
அந்த இடத்தில் ஒரு ரிலே,
தீப்பெட்டியளவு கன்ட்ரோலர்,
உள்ளே நூல் கனத்தில் தெர்மோகப்பிள் கம்பி.
இடுக்கெல்லாம் செராமிக் பஞ்சு.
மூன்று நாள் முழங்கை அரித்தது.

சூட்டுக்கும் ஒரு நடை இருக்கிறது.
நூற்றைம்பது வரை பிள்ளைத்தாச்சி நடை.
அங்கே ஒன்றரை நிமிஷம் நிற்கணும்,
பலகை முழுக்க ஒரே சூடு பரவ.
பிறகு ஒரே ஓட்டம்
இருநூற்றுப் பதினைந்துக்கு,
தொட்டதும் திரும்பணும்.
அதிகம் நின்றால் சிப்பு சாகும்.
முன்னமே திரும்பினால்
ஈயக் களிம்பு களிம்பாகவே கிடக்கும்.

முதல் பலகை போனபோது
நூற்றுத் தொண்ணூறில் கரண்ட் போனது.
வாசலுக்கு வந்து பார்த்தேன்.
கண்ணுக்கெட்டிய மட்டும் காற்றாலை,
ஒன்றுகூட நிற்கவில்லை,
யார் வீட்டுக்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

இரண்டாம் பலகையில்
எள்ளளவு ரெசிஸ்டர்கள் நாலு
ஒரு கால் தூக்கிச் செங்குத்தாய் நின்றன.
தொழிலில் இதற்குக் கல்லறைக்கல் என்று பெயர்.
மூன்றாவதில் கல்லறை இல்லை.
ஆனால் பச்சைப் பலகை
ஒரு மூலையில் மட்டும் பழுப்பு.

காற்றாலையில் போல்ட் முறுக்கிவிட்டு
கிரீஸ் கையோடு வந்தவர்
என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"ஏட்டி, இது நம்ம கேக்குல்லா."

கேட்காமலே சாக்பீஸ் எடுத்து
தட்டில் கோடு போட்டார்:
இடதிலிருந்து நாலு விரல்,
பின்னாலிருந்து மூணு விரல்.
கம்பியை அந்தக் கோட்டுக்குள் வைத்தேன்.
மற்ற இடத்தைவிட இருபத்திரண்டு டிகிரி கூடுதல்.
மூன்று வருஷம் அவர் சுரண்டி எறிந்தது
நான் தேடின கணக்கு.

பிஸ்கட் டின்னை வெட்டி வளைத்து
ஹீட்டருக்கும் தட்டுக்கும் நடுவே
ஒரு மறைப்பு வைத்தார்.
டார்ச் அடித்துக் கண்ணாடி வழியே
இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.
நூற்று எண்பத்து மூன்று.
சாம்பல் களிம்பு வியர்த்தது,
கோணலாய் உட்கார்ந்த சிப்பு
தன்னால் அரை மில்லிமீட்டர் நகர்ந்து
நேராய்ப் படுத்தது.
எல்லாக் காலும் வெள்ளி.
"அசையுதுட்டி, அதுவா அசையுது" என்றார்,
மூச்சுக் கண்ணாடியில் பட்டுப் பனித்தது.

பத்துப் பலகை மாவடி சுடலைக்கண்ணுக்கு,
வாழைத்தோட்டத்து மோட்டாருக்கு.
ஒன்பது வேலை செய்கிறது, மிஸ்டு கால் கொடுத்தால்
நடுராத்திரியும் தண்ணீர் ஓடும்.
பத்தாவது ஏன் ஓடவில்லை?
இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.

பெட்டிக் கதவில் சிவப்புப் பெயின்டில்
"திங்கிற சாமான் வைக்காதே" என்று எழுதி
கீழே மண்டையோடு வரைந்தார்.
கேக்குக்கு ரோஜாப்பூ போட்டுப் பழகின கை,
மண்டையோட்டுக்கு உதடு வந்துவிட்டது.

நவம்பர் கடைசியில் மெதுவாகக் கேட்டார்:
"ஒரே ஒரு தடவ, நல்லாக் கழுவிட்டு?"
"ஈயம் திங்கணுமா ஒமக்கு?"
"அப்பம் புதுசு ஒண்ணு வாங்கணும்."
வாங்கலாம்.
கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி,
நானும் வருவேன்
கம்பியும் மீட்டருமாக,
இடது பின்மூலையில் வைத்துப் பார்க்க.