நூற்றிரண்டு கிலோ

மஞ்சக்குப்பம் ஷோரூமில்
துணியை உருவியதும்
யாரும் கைதட்டவில்லை.
"எங்க கரும்புக் கட்டே இதைவிடக் கனம்"
என்றார் நெல்லிக்குப்பத்து லாரி ஓனர்.

மெக்கானிக் அமீர்ஜான்
பெட்ரோலில் ஆயில் கலந்தான்.
ஒரே உதை.
தகரக் கூரையில் கல்மழை.
நீலப் புகையில்
முதலாளியின் சந்தனப்பொட்டு காணவில்லை.

சக்கரத்தடி எலுமிச்சை
நசுங்காமல் வழுக்கி உருண்டு
சாக்கடையில் விழுந்தது.
"அபச..." என்று யாரோ ஆரம்பிப்பதற்குள்
பாரதி சாலைத் திருப்பத்தில்
முழங்கால் தாரை உரசுகிறாற்போல் சாய்ந்து
போயேவிட்டான் அமீர்ஜான்.

கெடிலம் பாலம் வரை
சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
"முதல் பில் யார் பேருக்கு சார்?"

லாரி ஓனர்
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.