திகதி

றவுட்டரில் பச்சை எரிகிறது.
அதே வைஃபையில் நிரூசியின் போனுக்கு எல்லாம் வருகிறது.
மேசைக் கொம்பியூட்டருக்கு மட்டும்
மெயில் கதவு திறப்பதில்லை.
வயரைக் கழற்றி ஊதிச் செருகினேன்,
பாஸ்வேர்டைச் சந்தேகித்தேன்,
கச்சான் காற்றையும் திட்டினேன்.

அலஸ்தோட்டத்துக் கஜரூபன்
திரையின் வலது மூலையைத் தட்டினான்:
“அக்கா, இதுக்கு இன்னும்
ரெண்டாயிரத்து நாலு, ஜனவரி.”
உள்ளே பொத்தான் பற்றறி செத்துவிட்டதாம்.
பிறகு வந்த சான்றிதழ் எதையும்
இது நம்பாதாம்.

அலுமாரியில் அண்ணனின் மரணச் சான்றிதழ்.
அதே வருசம், டிசம்பர்.

வருசத்தை மாற்றப் போனவனிடம்
“பொறு, தேத்தண்ணி குடி” என்றேன்.
திருக்கடலூர்ப் பக்கம் கடல் சும்மா கிடந்தது.
சீனி போட்டேனா என்று மறந்து
இன்னொரு கரண்டி போட்டேன்.

பிறகு மெயில் திறந்தது.
நாற்பத்தொன்று.
மேலே கரண்ட் பில்.