குறிப்புகளுக்கான கட்டம்

பாலத்துக்கு இந்தப் பக்கம் என் மேசை.
பேரேட்டில் ஏழு கட்டங்கள்:
பெயர், நாடு, வண்டி எண், ஆட்கள், உள்ளே, வெளியே,
கடைசியில் குறுகலாய் ஒன்று, குறிப்புகள்.
அதில் என்ன எழுதுவதென்று
பதினோரு வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.
அதனால் திரும்பி வருகிறவர்களைக் கேட்கிறேன்:
என்ன பார்த்தீர்கள்?

ஜூலையில் சிறுத்தை என்பார்கள்.
எல்லாருக்கும் அதே சிறுத்தைதான்,
கிளையில் நாலு காலையும் தொங்கவிட்டுத் தூங்குவது.
ஒன்பது வண்டிகள் சுற்றி நின்று மறைத்ததாக
பத்தாவது வண்டிக்காரர் குறைபட்டுக்கொள்வார்.

அக்டோபரில் குரல் இறங்கிவிடும்.
லுவாங்வா நூலாய் இளைத்துக் கிடக்கும்.
மிஞ்சிய மடுவில் இருநூறு நீர்யானைகள்
முதுகு வெடிக்க, சாணியும் சேறுமாய்.
அதைப் பார்த்துவிட்டு வந்த டச்சுக்காரப் பெண்
என் மேசையைத் தட்டினாள்:
ஒரு லாரித் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால் என்ன உங்களுக்கு?
எங்கள் தெருக் கைப்பம்பில் அன்று நான்காம் நாளாய்க் காற்று.
மேலே சொல்கிறேன் அம்மா என்றேன்.
எழுதினேன்: நீர்யானை, நிறைய.

அதே வாரம்தான் செம்பஞ்சுருட்டான்கள்
ஆற்றின் செங்குத்துக் கரையைத் துளைத்துக் குடியேறும்.
கரை நெடுக மிளகாய் காயப்போட்டது போலிருக்கும்.

மிளகாய் என்றதும் ஞாபகம் வருகிறது.
யானைச் சாணத்தில் மிளகாய்த் தூளைப் பிசைந்து
கட்டி கட்டியாய் உலர்த்தி
தோட்டத்து மூலைகளில் புகையவிடச் சொல்கிறார்கள்.
யானைக்குக் காரம் ஆகாது என்பது இலாகாவின் கருத்து.
இடது காது கிழிந்த ஒருவனுக்கு
அதில் உடன்பாடில்லை.
இருமுவது நாங்கள்தான்.

ஒருநாள் சியோலிலிருந்து வந்த மனிதர்
கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.
சாயங்கால ஆறு, ஆரஞ்சுத் தண்ணீர்,
நடுவில் நின்று குளிக்கிறான் அவன். அதே காது.
எவ்வளவு சாந்தம் பாருங்கள் என்றார்.
எனக்குத் தெரிந்தவன் என்றேன்.
என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.
பிறகு என்னையும் ஒரு படம் எடுத்தார்.
அந்த ஊரில் ஏதோ ஒரு வீட்டில்
அவனுக்கு அடுத்தபடியாக நான் இருப்பேன்,
தொப்பியைச் சரியாகப் போடாமல்.

மழை பிடித்தால் முகாம்களைப் பிரித்துக் கட்டிவிடுவார்கள்.
கரிசல் சக்கரத்தை விழுங்கும்.
ஒரு ஜனவரியில் சொல்லச் சொல்லக் கேளாமல்
நார்வேக்காரத் தம்பதி ஒன்று உள்ளே போனது.
புல் ஆளுயரத்துக்கு மேல்.
ஆறு மணி நேரம் புதைந்து கிடந்து
டிராக்டர் இழுத்துவர,
புருவம் வரை சேறோடு, ஒற்றைச் செருப்போடு,
சிரித்துக்கொண்டு வந்தார்கள்.
என்ன பார்த்தீர்கள்?
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.
தவளை என்றார் அவர்.
பார்க்கவில்லை, கேட்டோம் என்று திருத்தினாள் அவள்.
எழுதினேன்: தவளை, காதால்.

மார்ச்சில், சோளம் அடித்துக் கொட்டிய மூன்றாம் இரவு,
குதிரின் கூரையை முழுசாகத் தூக்கி
ஓலை கலையாமல் ஓரமாய் வைத்தான்.
அந்தப் பக்குவத்தைச் சொல்லத்தான் வேண்டும்.
நானும் லாமெக்கும் ஜன்னலில் நின்று
சட்டியைத் தட்டினோம். பிறகு தட்டவில்லை.
ஜூன் வரைக்குமான சாப்பாடு
நிதானமாய், வாய் வாயாய்ப் போனது.
நடுவில் ஒருமுறை ஜன்னலுக்குத் திரும்பினான்.
கண்ணில் நிலா இருந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

காலையில் கதவைத் திறந்து
பேரேட்டில் புது வரி போட்டேன்.
பெயர், நாடு: கோடு.
வண்டி எண்: காது, இடது, கிழிந்தது.
ஆட்கள்: ஒன்று.
உள்ளே: ஒன்று நாற்பது. வெளியே: சேவல் கூவுமுன்.
குறிப்புகள்: எங்களைப் பார்த்தது.

ஜூனில் தணிக்கைக்கு வந்தவர்
அளவுகோலை வரி வரியாய் இறக்கி
அங்கே நிறுத்தினார்.
காதைப் பற்றிக் கேட்கவில்லை.
இவருக்கு நுழைவுக் கட்டணம் எங்கே என்றார்.

வசூலாகவில்லை என்று எழுதி
பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.