வர்ஸா

பிரெய்லா ஊருக்கு வெளியே,
பாழடைந்த செங்கல் சூளைக்குப் பின்னால் இருக்கிறது காப்பகம்.
மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் வந்த வேனை
வாசலில் நிறுத்தி இன்ஜினை அணைத்ததும்
நூற்று நாற்பது நாய்கள் ஒரே மூச்சில்
நான் யார் என்று கேட்டன.

சொரினா ரப்பர் பூட்ஸோடு வந்து
ஒரு படிவத்தை நீட்டினாள்.
வேலை: பனி அள்ளும் லாரி ஓட்டுநர்.
வயது: ஐம்பத்து மூன்று.
வீட்டில் வேறு யார்: கோடு போட்டேன்.
வேலியின் உயரம்: வேலி இல்லை, காடு.
குளிர்காலத்தில்: மைனஸ் முப்பது.
அவள் படித்துக்கொண்டே வந்து அங்கே நின்றாள்.
"இதை யார் அதுகிட்டச் சொல்றது?"

இவ்வளவு தூரம் எதற்கு என்றும் ஒரு கேள்வி இருந்தது.
கெமியார்வியில் தெருநாய் கிடையாது, என்று எழுதினேன்.
அது பதிலில்லை.
போன பிப்ரவரியில் ஓர் இரவு, ஷிப்ட் முடிந்து,
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
சமையலறையில் உட்கார்ந்து
போனில் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிந்து,
ஒன்று மட்டும் என்னைப் பார்க்காமல்
வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.
எதை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

மீன்தலை வாளியை.
சொரினா காட்டினாள்.

பெயர் வர்ஸா.
அவர்கள் மொழியில் முட்டைக்கோஸ்;
கோஸ் மூட்டைகளுக்கு நடுவே லாரியில் கிடைத்தவள்.
எங்கள் மொழியில் குதிரைக்குட்டி, என்றேன்.
சொரினா அந்தக் குட்டைக் கால்களைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.

டாக்டர் பூச்சி மாத்திரை கொடுத்து
மணியும் தேதியும் எழுதி முத்திரை குத்தினார்.
இனி ஐந்து நாளுக்குள் பின்லாந்துக்குள் இருக்க வேண்டும்.
நீல பாஸ்போர்ட்.
என்னுடையதில் நான் தேடப்படுபவள் மாதிரி இருப்பேன்.
அவளுடையதில் அவள் மந்திரி.

ஹங்கேரி முழுக்கத் தூங்கினாள்.
ஸ்லோவாக்கியாவில் வாந்தி.
போலந்தில், சுவாவ்கி தாண்டவில்லை,
பெட்ரோல் போட நின்ற இடத்தில்
கழுத்துப்பட்டை என் கையில் இருந்தது,
அவள் இல்லை.

சாலைக்கு அந்தப் பக்கம் சோளக்காடு.
வா என்று கத்தினேன்.
நில், உட்கார், என் செல்லமே
எல்லாம் என் மொழியில்.
சோளம் அசைந்தது, காற்றுக்கு.
பால் டேங்கர் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
அப்போதுதான், வாளியைத் தட்டிக்கொண்டே
கூண்டு கூண்டாய்ச் சொரினா சொல்லிப்போனது
நாக்கில் வந்து நின்றது.

ஹய்தே.

அடுத்தவர் வீட்டுப் பூட்டில்
சாவியை நுழைக்கிற மாதிரி சொன்னேன்.
ஹய்தே, ஹய்தே.
மடிந்த காது முதலில் வெளியே வந்தது.

இப்போது நவம்பர்.
சூரியன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறது.
விடிய மூன்று மணிக்கு லாரியில் பக்கத்து சீட் அவளுக்கு.
கண்ணாடியில் மூக்கை ஒற்றி ஒரு வட்டம் செய்து
அதன் வழியே பனியைப் பார்த்துக் குரைக்கிறாள்,
பிறகு என்னைப் பார்க்கிறாள்,
நான்தான் கொட்டினேன் என்பது போல.
"குதிரைக்குட்டி சுகமா?" என்கிறார் கலைமான் வளர்க்கும் ரெய்யோ.
கோஸ் சுகம், என்கிறேன்.
அவர் இன்னும் கால்கள் வளரக் காத்திருக்கிறார்.

நேற்று சொரினாவுக்கு வீடியோ அனுப்பினேன்:
நான் கூப்பிட, முழங்கால் பனியில் அவள் நீந்தி வருவது.
பதில் வந்தது.
"உச்சரிப்பு மோசம்.
கூப்பிடுகிற மாதிரி இல்லை,
உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி இருக்கு."
கூடவே தன் குரலில் ஒருமுறை, சரியாக.

சமையலறையில் மெல்லச் சொல்லிப் பழகினேன்.
நாலாவது முறை அப்படியே வந்துவிட்டது.
வர்ஸா துள்ளி எழுந்து கதவுக்கு ஓடினாள்,
என் பின்னால் தேடினாள், மேஜைக்கு அடியில் தேடினாள்,
இல்லாத வாளியை, இல்லாத ரப்பர் பூட்ஸை.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.
பிறகு பழையபடி தப்பாகவே சொன்னேன்.
வந்தாள்.