எட்டாம் மாடி, காற்றாலைப் பிரிவு

இந்த அறையில் ஜன்னலைத் திறப்பதில்லை.
திறந்தால் காற்றாலைக் கோப்புகள் பறக்கும்.
ஏசி பழுதான இன்று மட்டும் திறந்து,
கழற்றிப்போட்ட பழைய காற்றாலை ஒன்றின்
கைமுட்டி அளவு போல்ட்டை
டெண்டர் நகல்கள் மேல் வைத்திருக்கிறேன்.

கயத்தாறிலிருந்து இசக்கிப்பாண்டி பேசுகிறார்.
அளவீட்டுக் கம்பத்தின் அடியில் நிற்கிறாராம்.
"மேடம், நூத்தியிருபது மீட்டர்ல..."
பிறகு காற்று.
"எவ்வளவு?" என்கிறேன்.
காற்று.
என் பக்கம் அண்ணா சாலையின் பஸ் ஹாரன்.
"எவ்வளவு சார்?"
மறுபடி அதேதான், ஆனி மாதத்து முழு மூச்சில்.

போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.
பன்னிரண்டு வருடமாக இதைத்தானா
வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று
எழுதிக்கொண்டிருந்தேன்?

ஏழு புள்ளி நான்கு என்று
பிற்பாடு மெசேஜ் வந்தது.
கட்டத்தில் நிரப்பினேன்.

இரவு வியாசர்பாடியில் கரண்ட் போனது.
"உங்க ஆபீசுக்கே ஒரு போன் போடேன்"
என்றாள் கீழ்வீட்டு மெர்லின், விசிறிக்கொண்டே.
மொட்டை மாடிக்குப் போனேன்.
கொடியில் என் துப்பட்டா
அசையாமல் தொங்கியது.
கிளிப்பை எடுத்துவிட்டுப் பார்த்தேன்,
கொஞ்ச நேரம்.