நியூட்ரல்

தேக்யூவின் அட்டவணையில் பதினோரு கட்டங்கள்.
விலை, வட்டி, கட்டடத்தின் வயது, எத்தனையாவது மாடி,
ரயிலுக்கு எத்தனை நிமிடம்
(அவன் நடையில் ஒன்பது, என் நடையில் பதின்மூன்று),
குளிர்கால வெயில்
கூடத்துக்குள் எவ்வளவு நேரம் உட்காரும்.
கடைசிக் கட்டம் மட்டும் காலி:
கார் நிறுத்த இடம்.

கிம்போவில் பார்த்த வீடு புதுசு.
சுவரில் பெயின்ட் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
அடித்தளத்தில் வீட்டுக்கு ஒன்றரைக் கார் என்று கணக்கு.
அந்த அரைக் காரை எங்கே போய் வாங்குவது?
காலை ரயிலுக்கு இரண்டே பெட்டி.
ஒத்திகைக்கு ஒருநாள் ஏறினேன்;
கைப்பை ஒரு நிலையத்திலும்
நான் அடுத்த நிலையத்திலும் இறங்கினோம்.

மாபோவில் ஒன்று,
என் மருத்துவமனையிலிருந்து கூப்பிடு தூரம்.
நூற்றுப் பன்னிரண்டு படி.
காரை விற்றுவிடுவோம் என்றேன்.
அம்மாவின் டயாலிசிஸ் என்றான்.
படிகளைப் பற்றிப் பிறகு இருவருமே பேசவில்லை.

நோவொன் வீடு என்னைவிட இரண்டு வயது மூத்தது.
தொண்ணூறு கோடி வோன்.
விரலுக்கேற்ற வீக்கம் என்கிறது வங்கி,
எங்கள் விரல்களை மட்டும் அளந்துவிட்டு.
குழாயைத் திறந்தால் முதலில் இருமல்,
அடுத்து துரு,
அப்புறம்தான் தண்ணீர்.
நுழைவாயிலில் திருவிழாப் பதாகை:
பாதுகாப்புச் சோதனையில் நம் கட்டடங்கள் தோற்றன,
வாழ்த்துகள்!
தரகர் திருமதி நாம்குங் அதை
வாய்கொள்ளாச் சிரிப்போடு காட்டினார்.
இடிந்து விழும் என்று சான்றிதழ் கிடைத்தால்தான்
இடித்துக் கட்டலாம், கட்டினால் விலை இரட்டிப்பு.
பத்து வருஷம், பல்லைக் கடித்துக்கொண்டால் போதும்.
பார்க்கிங்? என்றேன்.
பார்லித் தேநீரை என் பக்கம் நகர்த்தினார்.

பகலில் வீட்டைக் காட்டுகிறவர்கள்
இரவில் வாசலைக் காட்டுவதில்லை.
செவ்வாய்க்கிழமை, பணி முடிந்து,
பதினொன்றரை மணிக்கு நானே போனேன்.

கோடுகளுக்குள் கார்கள்.
அவற்றை மறித்து, வயிற்றோடு ஒட்டி,
இரண்டாம் வரிசையாகக் கார்கள்.
ஒவ்வொரு கண்ணாடிக்குப் பின்னாலும் ஒரு செல்பேசி எண்.
மறித்து நின்ற எதற்கும் கை பிரேக் போடவில்லை,
எல்லாம் நியூட்ரலில்.
நடுநிலை என்று மேடையில் சொல்வது
இங்கே அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

ஐஸ் பெட்டி ஏற்றிய சின்ன லாரி ஒன்று
உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.
ரப்பர் செருப்போடு ஒருவர்
ஒரு கறுப்புக் காரைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தார்.
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்றார்.

பிடித்தேன்.
பனிபோல் சில்லிட்ட இரும்பு.
முதலில் மலை.
பிறகு எங்கோ உள்ளே ஏதோ இளகி,
மனசு மாறிய ஆள் போல
இரண்டு டன் மெல்ல உருண்டது.
சக்கரத்தின் கீழே
செங்கல் துண்டு ஒன்றைக் காலால் தள்ளினார்.

எந்த பிளாக்?
நூற்று ஏழு, என்றேன். ஏன் சொன்னேன்?
அங்கே தண்ணீர் எப்படி?
முதலில் இருமும்.
சிரித்துவிட்டார்.
மீன் சந்தைக்கு நேரமாகிறது என்று
லாரியில் ஏறிப் போய்விட்டார்.

தேக்யூ தூங்கவில்லை.
எத்தனை இடம் காலி?
ஒன்றும் இல்லை.
சுழியம் என்று அடித்தான். சரிதான்.
வேறு எதையும் எழுத அங்கே கட்டம் இல்லை.

கை கழுவப் போனவள்
குழாயைத் திறக்காமல் நின்றேன், உள்ளங்கை இரண்டும் கறுப்பு.
காலையில் அந்தக் காரின் சொந்தக்காரர்
தன் வண்டி நாலடி தள்ளி நிற்பதைப் பார்ப்பார்.
பின்புறத் தூசியில்,
நின்று பார்த்தால்,
இரண்டு அளவில் இருபது விரல்கள்.